ஒரு கார்டை மட்டும் காட்டவும்

கையில் கார்டே இல்லாத ஒருத்தியிடம் 'ஒரு கார்டை மட்டும் காட்டவும்' என்று மெஷின் சொன்னால் அவள் எதைக் காட்டுவாள்?

இஸ்திரியக்காவின் கையில் இருந்தது ஒரு போன்தான். அதுவும் புருஷனுடைய போன். எந்நேரமும் தண்ணீரிலும் சோப்பு நுரையிலும் புழங்குகிற மனுஷன் என்பதால் செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்த கறுப்பு ரப்பர் உறை ஒன்று போட்டு வைத்திருந்தார். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் மேசையோடு திருகி வைத்திருந்த சின்ன மெஷின் மேல் அந்தப் போனைப் படுக்க வைத்தாள். விரலை அழுத்தினாள். போன் அவளை அடையாளம் கண்டு திறந்தது. புருஷனுடைய கிரெடிட் கார்டின் படம் நீல நிறத்தில் திரையில் வந்து நின்றது. மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டு தடவை கனைத்துவிட்டு அந்த வரியைக் காட்டியது.

"ரெண்டு கார்டு வச்சிருக்கீங்களாம்மா?" என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்காரப் பெண்.

"கார்டே இல்லம்மா. போன் மட்டும்தான்."

"அப்ப எடுத்துட்டுத் திரும்ப வைங்க."

வைத்தாள். இந்தத் தடவை வேறு வரி வந்தது. 'கார்டு ஏற்கப்படவில்லை.'

வரிசையில் நின்றவர்களுக்கு அதுவரை பொழுது போகாமல் இருந்தது. இப்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"தலைகீழா வச்சுப் பாருங்கக்கா."

"ஈரமா இருக்கும். துடைங்க."

"போனை ஒரு தடவை சாகடிச்சு எழுப்புங்க. எங்க வீட்டு டிவிக்கு அப்படித்தான் செய்வோம்."

"மொதல்ல ஒண்ணைக் காட்டுங்குது, காட்டினா வேணாங்குது. என் மாமியாரை இதுக்குள்ள யாரோ அடைச்சு வச்சிருக்காங்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரியக்காவும் சிரித்தாள். சிரிக்கிற முகத்தோடே துடைத்தாள், திருப்பினாள், அணைத்து எழுப்பினாள். மெஷின் அந்த இரண்டு வரியை மாற்றி மாற்றிக் காட்டியதே தவிர மசியவில்லை.

ஜன்னலுக்கு மேலே 'ரொக்கம் வாங்குவதில்லை' என்று எழுதி ஒட்டியிருந்தது. முந்தைய நாட்களில் வரிசையில் யாராவது ஒரு நல்ல முகமாகப் பார்த்து, ரொக்கத்தை அவர் கையில் திணித்து, அவருடைய கார்டைத் தட்டச் சொல்லி வாங்கியிருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு முகத்தைத் தேடுவது இஸ்திரி போடுவதைவிடக் களைப்பான வேலையாக இருந்தது. இன்றைக்கு முகம் கிடைத்தாலும் திணிக்க ரொக்கம் இல்லை.

"நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு விலகினாள். ஊசி மருந்து கண்ணாடிக்குப் பின்னால் குளிர்பெட்டியிலேயே இருந்தது. அந்த மருந்து வெளிக்கடைகளில் கிடைக்காது.

அவளுக்கு இஸ்திரியக்கா என்ற பேர் வந்தது தெருவால். அவள் புருஷனுக்கு முதலாளி என்ற பேர் வந்தது அவளால். தொடக்கத்தில் அவர்களுடைய சலவைக் கடையில் வேலையாள் என்று இருந்தது அவள் ஒருத்திதான். "அப்ப மீதி இருக்கிற நீங்கதானே முதலாளி" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. துவைப்பது, அலசுவது, பிழிவது முதலாளியின் வேலை. உலர்த்துவதும் இஸ்திரியும் மடிப்பும் அவளுடையது.

அந்த முதலாளி ஒரு நாள் காலையில் நீராவிக் குழாயைத் திறக்கப் போனவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சரியாகச் சொன்னால், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த வார்த்தை, 'ஆச்சு.' துணி வாங்க வருகிறவர்கள் வாசலில் தலை நீட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து அவர் சொல்லிப் பழகிய வார்த்தை. துணி ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் 'ஆச்சு' என்றுதான் சொல்வார்.

இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆச்சு. வலித்தாலும் ஆச்சு. மனைவியைக் கண்டாலும் ஆச்சு.

"மருந்து வாங்கிட்டீங்களாம்மா?" என்றாள் வார்டு நர்ஸ்.

"போன் எடுக்க மாட்டேங்குதும்மா."

"இன்னைக்குப் போடறதுதான் கையில இருக்கிறதுல கடைசி. நாளைக்குச் சாயங்காலம் போடணும்மா. இது ஒரு வேளை விட்டுட்டு மறுவேளை சேத்துப் போடற மருந்து இல்ல. ரத்தம் திரும்பக் கட்டிக்கிச்சுன்னா இடது பக்கமும்..." நர்ஸ் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம் இஸ்திரியக்காவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பேங்க்குக்குப் போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றாள் நர்ஸ்.

கேட்டாள். கட்டிலோரம் நின்றுகொண்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது. மிக மரியாதையான குரல்.

"கார்டு யார் பேர்ல இருக்குங்க?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அவரைப் பேசச் சொல்லுங்க மேடம்."

"அவருக்குப் பேச வராதும்மா. ஆஸ்பத்திரியில இருக்கார். கார்டு போன்ல வேலை செய்யல, அது ஏன்னு மட்டும் சொல்லிடுங்க."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா கார்டுக்காரர்கிட்ட மட்டும்தான் பேச முடியும். பேரும் பிறந்த தேதியும் அவர் வாயால சொன்னாப் போதும்."

இஸ்திரியக்கா போனைப் புருஷனின் காதோரம் வைத்தாள். "ஏங்க, உங்க பேரைச் சொல்லுங்க. பேர் மட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். கேள்வி அவருக்குப் புரிந்தது. அது கண்ணில் தெரிந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆச்சு" என்றார்.

"சார், உங்க பிறந்த தேதி?"

"ஆச்சு. ஆச்சு. ஆச்சு." கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"மன்னிக்கணும் மேடம்" என்றது குரல். உண்மையாகவே அதற்கு வருத்தமாக இருந்தது போலத்தான் ஒலித்தது. ஆனால் வருத்தத்தை வைத்து எந்தப் பூட்டையும் திறக்க முடியாதே. "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

இஸ்திரியக்கா அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். "விடுங்க. பேரை வச்சு என்ன பண்ணப்போறோம்" என்றாள்.

மறுநாள் காலையில் கடையைப் பாதி திறந்தாள். துவைக்கும் பாதி மூடியே கிடந்தது. இஸ்திரி போடும் பாதியை மட்டும் திறந்தாள். வானம் மூட்டமாக இருந்தது, முந்தின நாள் அவளே கையால் துவைத்துப் பிழிந்த துணிகள் கொடியிலேயே உலராமல் தொங்கின. இந்த மாதிரி நாளில் முதலாளி சூடான நீராவிக் குழாயை ஒட்டிக் கயிறு கட்டி உலர்த்துவார். அந்தக் குழாயைத் திறக்க அவளுக்குப் பயம். ஆகவே ஈரத்தை இஸ்திரிப் பெட்டியாலேயே குடிக்க வைத்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு சட்டையின் நேரம் பிடித்தது. கழுத்துப்பட்டியை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும், நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தால் முனையில் சுருக்கம் கூடி நிற்கும். கை அதைத் தானாகச் செய்தது. மனம் மருந்து ஜன்னலில் நின்றது.

எதிர்ப்புறத்துச் சோப்புக்கடையில் இதே போன், இதே கார்டு, தகராறு இல்லாமல் வேலை செய்கிறது. கல்லாவில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட படத்தைப் போன் கண்ணால் பார்க்கும், உடனே பணம் போய்விடும். மருந்து ஜன்னலில் அந்தப் படம் கிடையாது. தட்டுகிற மெஷின் மட்டும்தான். ஒரு தடவை சோப்புக்கடைக்காரரிடம், "போன்ல அனுப்பறேன், ரொக்கமாக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினாள். அடுத்த தடவை கேட்டபோது அவர் கையை விரித்துவிட்டார். "கிரெடிட் கார்டுக்கு ரொக்கம் குடுத்தா எனக்குத் தடை போட்டுருவாங்கம்மா. பொருள்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க." எடுத்துக்கொள்ள அங்கே சோப்புத்தூள்தான் இருந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற சோப்பு எதுவும் இல்லை.

வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி முன்பு இந்தக் கடையில்தான் வேலை பார்த்தான். முதலாளிக்கும் அவனுக்கும் ஒரு கார்டால் ஆகாமல் போயிற்று. முதலாளி விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருடைய பிளாஸ்டிக் கார்டு காணாமல் போனது. கடையைக் கவிழ்த்துத் தேடினார். கடைசியில் மச்சானின் பையையும் கவிழ்த்தார். பையில் இருந்த ஒவ்வொன்றும் தரையில் விழுவதைத் தம்பி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். கார்டு விழவில்லை. பையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக்கொண்டு, அதோடேயே கிளம்பிவிட்டான். இப்போது வேறு ஊரில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை.

"சொல்லுக்கா." பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

அவள் சொன்னாள்.

"கார்டைப் பத்தி என்கிட்டயா கேக்கிற?" என்றான். "நல்ல ஆளைப் பிடிச்ச போ. பேங்க்ல சொல்லலையா, திருடனோட நம்பர் இதுன்னு?"

"டேய். அவருக்குச் சாயங்காலம் ஊசி போடணும்டா."

இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. கதவுக்கு வெளியே வந்திருக்க வேண்டும்.

"சரி, கேளு. அன்னைக்கு மாமா பழைய கார்டை நிறுத்தச் சொல்லிட்டாரு இல்ல? அது செத்துப்போச்சு. அதுக்குப் பதிலா பேங்க்ல வேற கார்டு போட்டாங்க."

"அது வீட்டுக்கு வந்துது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கணும்னு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"போகட்டும். ஆனா போன்ல இருக்கிறது தானாவே புதுசா மாறிக்கும். அதுக்குக் கையெழுத்து வேணாம். போன்ல இருக்கிறது கார்டோட நம்பரே கிடையாதுக்கா. நம்ம கடையில சட்டையில ஆளோட பேரையா எழுதுறோம்? ஒரு துண்டுல நம்பரைப் போட்டுக் குத்துறோம். யாரு வீட்டுச் சட்டைன்னு மாமாவுக்கு மட்டும் தெரியும். அதே மாதிரி பேங்க் போனுக்கு ஒரு துண்டு குடுத்திருக்கு. போன் அந்தத் துண்டைத்தான் காட்டும். அது யாரு கணக்குன்னு பேங்குக்கு மட்டும் தெரியும். நடுவுல எவன் பார்த்தாலும் அவனுக்கு அது வெறும் துண்டு."

"அப்ப ஏண்டா வாங்க மாட்டேங்குது?"

"அதான் புரியல. போன் திறக்குதா?"

"திறக்குது."

"படம் வருதா?"

"வருது. நீலமா."

"புதுக் கார்டுதான் அது. சோப்புக்கடையில போகுதுன்னா கணக்கும் சரியா இருக்கு. தட்டினா மட்டும் ஏன்..." அவன் யோசித்தான். "மெஷின்லதான் கோளாறோ என்னவோ."

"மத்தவங்களுக்கு வாங்குதேடா. எனக்கு மட்டும் ஒரு கார்டைக் காட்டு, ஒரு கார்டைக் காட்டுங்குது."

"அப்ப எனக்கும் தெரியலக்கா."

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலிருந்து தூக்கி ஓரமாக நிறுத்தினாள்.

"வர்றியாடா?"

"லீவு குடுக்க மாட்டாங்க. குடுத்தாலும் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது? அவருக்கு என்னைப் பார்த்தா கார்டுதானே ஞாபகம் வரும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் வேன்காரர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் போட்டுக்கொள்ள யூனிபாரம் சட்டை வேண்டும்.

"ஆச்சாக்கா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது. "இருங்க, பாக்கிறேன்."

வேன்காரரின் தட்டில் பேண்ட் இருந்தது. சட்டை இல்லை. கொடியில் தேடினாள். கூடையில் தேடினாள்.

"போன தடவை முதலாளி இருந்தாரு. உள்ள இருந்தே நம்பரைச் சொல்லி எடுத்துக் குடுத்தாரு" என்றார் வேன்காரர். குறை சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகுதான் அது குறையாகக் கேட்டது என்று அவருக்கே பட்டு, "மெதுவாத் தேடுங்க, அவசரமில்ல" என்று சேர்த்துக்கொண்டார். அவசரத்தில்தான் நின்றார்.

கடைசியில் சட்டை ஓரத்தட்டில் கிடந்தது. ஓரத்தட்டு என்பது அலமாரியின் அடியில் தனியாக இருக்கிற ஒன்று. ஒரு துணியில் இரண்டு துண்டு குத்தியிருந்தால் அதை அங்கே போட வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம். சில சட்டைகளில் போன தடவைத் துண்டை வீட்டில் எடுக்காமலே திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதன்மேல் இங்கே புதுத் துண்டு ஒன்றும் குத்தினால், அடுக்குகிற கை எந்த நம்பரை நம்பும்? "ரெண்டு துண்டைப் பார்த்தா ஊகிக்காதே. ஓரமா வை. தப்பான வீட்டுக்குப் போறதுக்கு இங்கயே கிடக்கலாம்" என்பார். நேற்று கை தன்பாட்டில் அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து சட்டையை ஓரத்தில் போட்டிருக்கிறது. அவளுக்கே நினைவில்லை.

"இந்தப் பழசை வீட்டுலயே எடுத்துடணும்ணே. ரெண்டு இருந்தா எங்களுக்கு யாருதுன்னு தெரியாது" என்று சொல்லியபடி, வெளுத்துப்போன பழைய துண்டின் ஊக்கைக் கழற்றினாள்.

கழற்றிய கை அப்படியே நின்றது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு இருந்தா..." என்றாள். "ரெண்டு இருந்தா ஒண்ணை மட்டும் காட்டுன்னு சொல்லும்."

வேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

அவள் இஸ்திரி மேசையில் இருந்த போனை எடுத்துத் திருப்பினாள். வாங்கிய நாளிலிருந்து யாரும் அந்த உறையைக் கழற்றியதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். நினைத்தபடியே அது இறுக்கமாகப் பிடித்திருந்தது. நகத்தால் நெம்ப வரவில்லை. கழுத்துப்பட்டிக்குள் விறைப்புக்குச் செருகும் தகட்டை எடுத்து, ஒரு மூலையில் விட்டு நெம்பினாள். உறை கிழவன் வாய் மாதிரி மெல்லப் பிளந்தது. உள்ளேயிருந்து கார்டு வழுகி, தேய்த்து முடிக்காத ஒரு தலையணை உறை மேல் விழுந்தது.

முதலாளியின் கார்டு. காணாமல் போனது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தட்டுகிற மெஷின் தன்னைச் சுற்றி நாலு விரற்கடை தூரத்துக்கு 'யாராவது இருக்கீங்களா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்வியிலேயே துளி மின்சாரமும் இருக்கும். பிளாஸ்டிக் கார்டுக்குள் பாட்டரி கிடையாது. அந்தக் கேள்வி மேலே பட்டதும், அதன் பலத்திலேயே விழித்துக்கொண்டு 'நான் இருக்கேன்' என்று பதில் சொல்லும். பேங்க் அதை நிறுத்திவிட்டது பேங்குக்குத்தான் தெரியும். தான் செத்துப்போனது கார்டுக்குத் தெரியாது. போனை மெஷின் மேல் படுக்க வைத்தபோதெல்லாம் போனும் பதில் சொன்னது, அதன் முதுகில் ஒட்டிக்கிடந்த கார்டும் பதில் சொன்னது. இரண்டு குரலும் சேர்ந்து கேட்டால் மெஷின் 'ஒரு கார்டை மட்டும் காட்டவும்' என்றது. பழைய கார்டு முந்திக்கொண்டால் மெஷின் பேங்கைக் கேட்டது, பேங்க் செல்லாது என்றது, மெஷின் 'ஏற்கப்படவில்லை' என்றது. சோப்புக்கடையில் போன் கண்ணால் பார்க்கிறது, அங்கே முதுகுக்கு வேலை இல்லை. மெஷின் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. ஓரத்தட்டில்தான் போட்டது.

இஸ்திரியக்காவுக்கு இதில் பாதிதான் தெரியும். அந்தப் பாதி போதுமாக இருந்தது.

ஆனால் அவள் உடனே எழுந்து ஓடவில்லை. கார்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை உறைக்குள் வைத்தது அவரேதான். வேறு யார் வைப்பார்கள்? ஈரக் கையோடு, பையில் போட்டால் நனையும் என்று, பக்கத்தில் கிடந்த போனின் இடுக்கில் செருகியிருப்பார். செருகிய கையை மறந்துவிட்டார். எந்த நம்பர் யார் சட்டை என்று ஒரு நாளும் தடுமாறாத மனுஷன், தன் கையில் இருந்த போனின் முதுகில் இருந்த கார்டை மறந்து, கடையைக் கவிழ்த்து, மச்சானின் பையைக் கவிழ்த்து...

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு டாக்டர் கேட்டார்: "கொஞ்ச நாளா மறதி, தடுமாற்றம், கோபம், இப்படி ஏதாவது புதுசா இருந்துச்சாம்மா? இருந்தா அப்பவே சின்னச் சின்னதா அடைக்க ஆரம்பிச்சிருக்கும்." அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள்: "மறதியா? இவருக்கா? ஊரு சட்டையெல்லாம் இவரு தலைக்குள்ளதானே டாக்டர் இருக்கு."

கார்டு காணாமல் போன அன்றைக்கு அது மறதி என்று யாருக்கும் தெரியவில்லை. திருட்டு என்றுதான் தெரிந்தது. இப்போது தெரிந்து என்ன செய்வது? தெரிந்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்தில் துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

மருந்து ஜன்னலில் போனை அம்மணமாக மெஷின் மேல் வைத்தாள். ஒரே ஒரு கூவல். பச்சை.

"சரியாப் போச்சு போலிருக்கே!" என்றாள் மருந்துக்காரப் பெண். "என்னம்மா பண்ணீங்க?"

"உறையைக் கழட்டினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா" என்றாள் இஸ்திரியக்கா. குளிர்ந்த பொட்டலத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியேறினாள்.

நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு, கார்டைப் புருஷனின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இது எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?"

அவர் பார்த்தார்.

"உங்க போன் முதுகுலயே இருந்துச்சுங்க. பாவம், அவன் பையைக் கவிழ்த்தீங்களே."

"ஆச்சு" என்றார். அதில் என்ன இருந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

இடது கையை நீட்டினார். கார்டை வாங்கிக்கொண்டார். கட்டிலில் உறை வேறாக, போன் வேறாகக் கிடந்தன. போனை உறைக்குள் போட்டுக்கொடுக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார், அவள் போட்டாள். தளர்ந்துபோன வலது கையை இடது கையால் தூக்கி, போன் நகராதபடி அதன்மேல் பாரமாக வைத்தார். பிறகு கார்டின் விளிம்பை உறையின் இடுக்கில் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். வழுகியது. திரும்ப வைத்தார். நெற்றி வியர்த்தது. கடைசியில் கார்டு முழுசாக உள்ளே போயிற்று. மனைவியைப் பார்த்தார்.

"ஆச்சு" என்றார். இந்த ஆச்சு என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது: நான்தான் வைத்தேன், இப்படித்தான்.

வாசலில் நின்றிருந்த நர்ஸ் உள்ளே வந்தாள். "அந்தக் கையைத் தொடவே மாட்டாரும்மா. இதுதான் முதல் தடவை. தினம் இதைச் செய்ய விடுங்க. கைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி வேணாம்."

இஸ்திரியக்கா வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"கிடைச்சிடுச்சுடா."

"மருந்தா?"

"மருந்தும் கிடைச்சுது. கார்டும் கிடைச்சுது. போன் உறைக்குள்ள. அவரேதான் வச்சிருக்காரு."

இரைச்சல் மட்டும் கேட்டது. துணிகள் பெரிய உருளைக்குள் விழுந்து விழுந்து எழும் சத்தம். அவளுக்குப் பழகிய சத்தம்.

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஆச்சுன்னாரு."

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "லீவு கேட்டுப் பாக்கிறேன்" என்றான். கிடைக்குமா என்று அவளும் கேட்கவில்லை, கிடைக்கும் என்று அவனும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முதலாளி கார்டை உறைக்குள் செருகுகிறார். அவள் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பேங்குக்கு அது வேண்டாம், யாருக்கும் வேண்டாம். ஆனால் அந்த வலது கைக்கு உலகத்தில் இருக்கிற ஒரே வேலை அதுதான். ஆகவே போடவில்லை. சாயங்காலம் மருந்து ஜன்னலுக்குக் கிளம்பும்போது உறையை நெம்பி, பழைய கார்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள். மெஷின் மேல் போனை மட்டும் காட்ட வேண்டும், அதன் முதுகில் வேறு கார்டு இருக்கக் கூடாது. அப்படிக் காட்டினால் வாங்கிக்கொள்கிறது.